சீருக்கு வந்த கார்

அனுசுயாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவள் அண்ணன் மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்ஷன் அவள் பொறுப்பு. தையல் ஓரிடத்தில் விட்டிருந்தால் போதும், தைத்தவனைத் தேடிக்கொண்டு மெஷின் வரிசைக்கே போய்விடுவாள். தமிழ் தெரியாத பீகார்ப் பையன்களுக்குக்கூட அவள் திட்டுவது நன்றாகப் புரியும். இத்தனை கோபமும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அண்ணன் பக்கம் திரும்பியதில்லை. அண்ணன் அவளுக்குச் சாமி. சாமியைப் போய் யார் திட்டுவார்கள்?

அந்தச் சாமிதான் கார் கொடுத்தது.

அவள் மகள் யாழினிக்கு கல்யாணம் பேசி முடிக்கிற உறுதி வார்த்தை நடந்த அன்று, மண்டபம் நிறைய ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்க, மகுடேஸ்வரன் பழத்தட்டில் கார்ச் சாவியை வைத்து நீட்டினான். வாசலில் மாலையோடு நின்றது அவனுடைய பழைய சான்ட்ரோ. கம்பெனி ஆரம்பித்த காலத்தில் வாங்கிய வண்டி அது. ஆளை ஏற்றி, பண்டலை ஏற்றி, கடைசிக் காலத்தில் சாயப்பட்டறைக்கு ஆசிட் கேன் சுமந்து, ஒரு லாரியிடம் இடியும் வாங்கி, இடப்பக்கம் நசுங்கிப்போய்க் கம்பெனிக்குப் பின்னால் செடி கொடிக்கு நடுவில் கிடந்தது. அதைத்தான் வண்டித் தகடு நிமிர்த்துகிற கைருதீனின் டிங்கர் பட்டறைக்கு அனுப்பி, நசுங்கிய கதவை எடுத்துவிட்டு வேறு கதவு மாட்டி, முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் பெண்டர் தகட்டையும் மாற்றி, பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

"மாமன்னா இப்படியல்லோ இருக்கோணும்!" என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். அனுசுயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவளுக்குப் பார்க்கவே தோன்றவில்லை.

சீர் சும்மா வருமா? கணியூரில் அவர்களுடைய அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பு இருக்கிறது. அவர் உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்தார். சட்டப்படி தோப்பில் பாதி அனுசுயாவுக்கு. ஆனால் சட்டம் கோர்ட்டில் இருக்கிறது, வழக்கம் வீட்டில் இருக்கிறது. பெண்பிள்ளைகள் பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்; பதிலுக்குப் பிறந்த வீடு ஆயுசுக்கும் சீர் செய்யும். கையெழுத்துப் போடாதவளுக்குப் பங்கு கிடைக்கும், அண்ணன் கிடைக்கமாட்டான். கல்யாண மேடையில் மாமன் நிற்க வேண்டிய இடம் வெறுமனே கிடக்கும். ஊர் அதைப் பார்த்து ஒரு தலைமுறைக்குப் பேசும்.

அனுசுயா அதிகம் யோசிக்கவில்லை. தோப்பு யாருக்கு வேண்டும்? தை மாதம் யாழினிக்குக் கல்யாணம். மேடையில் அண்ணன் நின்றால் போதும். வருகிற புதன்கிழமை பத்திர ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போடுவதென்று முடிவாயிற்று.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சாமளாபுரத்துச் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினார்கள். வண்டியை ஓட்டியது அனுசுயாவின் கணவர் சென்னிமலை. ஈ எறும்புக்கும் வழிவிட்டு ஓட்டுகிற மனிதர். பக்கத்தில் அனுசுயா, பின்சீட்டில் வலது பக்கம் யாழினி, அவள் மடியில் பத்திரிகைக் கட்டு. காலையிலிருந்து மழை பெய்துகொண்டிருந்தது. பல்லடம் தாண்டி ஒரு வேகத்தடை. வண்டி அதில் ஏறி இறங்கியதும் கீழே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. கூடவே யாழினி அலறினாள்.

அனுசுயா திரும்பிப் பார்த்தாள். மகளின் வலது கால் முழங்கால் வரை காணோம். ரப்பர் மேட்டோடு சேர்ந்து தரைத் தகடு உள்வாங்கியிருந்தது. அந்த ஓட்டை வழியாகக் கீழே தார்ரோடு ஓடியது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அவள் போட்ட கத்தலில் சென்னிமலை பிரேக்கில் ஏறியே நின்றுவிட்டார். நல்ல வேளை, மெதுவாகத்தான் வந்திருந்தார். துருப்பிடித்த தகட்டு விளிம்பு கெண்டைக்காலை நீளமாகக் கிழித்திருந்தது. ரத்தமும் மழைத்தண்ணீரும் சேர்ந்து பத்திரிகையையெல்லாம் நனைத்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, ஊசி போட்டு, மகளைப் படுக்க வைத்துவிட்டு அனுசுயா அண்ணனுக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் மகுடேஸ்வரன் பதறிப்போனான்.

"ஐயோ, யாழினிக் கண்ணுக்கு ஒண்ணுமில்லியே? அந்தப் பட்டறைக்காரன் என்னைய ஏமாத்திப்போட்டான் அம்மிணி! புதுத் தகடு போட்டிருக்கேன்னு சொன்னானே, படுபாவி. அவன்கிட்ட நீ ஒண்ணும் பேச்சுக்குடுக்காத, நான் பாத்துக்கறேன். அப்புறம் புதன்கெழமை மறந்தறாத."

மகள் கால் கிழிந்து கிடக்கும்போது புதன்கிழமையை எதற்கு ஞாபகப்படுத்துகிறான் என்று அனுசுயாவுக்கு அப்போது உறைக்கவில்லை. அவளுக்குக் காதில் விழுந்ததெல்லாம் ஒன்றுதான்: யாரோ ஒரு பட்டறைக்காரன் என் அண்ணனை ஏமாற்றிவிட்டான். அண்ணன் பேசாதே என்றான். அவள் பேசாமல் இருந்துவிடுவாளா?

மறுநாள் காலையில் ஓட்டையின்மேல் ஒரு பலகையைப் போட்டுச் சென்னிமலையை ஓட்டச்சொல்லி, நேராகக் கைருதீன் பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். கைருதீன் ஒரு வேனின் பின்கதவைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவர் சுத்தியலைக் கீழே வைப்பதற்குள் அனுசுயா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங் பாய், சோறுதான திங்கறீங்க? என்ர புள்ளை காலு ரோட்டுல தேஞ்சிருந்தா யாரு பதில் சொல்றது? எங்கண்ணன் வெள்ளைச்சோளமாட்டக் கள்ளமில்லாத மனுசன். அவரு குடுத்த காசுக்குப் புதுத் தகடு போடாம இப்படிப் பூசி மெழுகி அனுப்பியிருக்கீங்களே, உங்களுக்கு நெஞ்சுல ஈரமில்லீங்களா?"

பக்கத்து டயர்க்கடையிலிருந்து ஆள்கள் எட்டிப் பார்த்தார்கள். கைருதீனுக்கும் கோபம் வரும் போலிருக்கிறது. முகம் சிவந்தது. சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து, கதவுக்குக் கீழே கால்வைத்து ஏறுகிற இடத்தில் ஓங்கி ஒரு போடு போட்டார். தகரச் சத்தம் வரவில்லை. மூட்டையில் அடித்த மாதிரி மொத்தென்று கேட்டது. சிவப்புப் பெயின்டோடு சேர்ந்து விரல் கனத்துக்குப் பட்டிப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே தகடே இல்லை. பொந்து மட்டும் இருந்தது, பொந்து நிறையத் துணி இருந்தது.

"இழுங்கக்கா," என்றார் கைருதீன். "நீங்களே இழுங்க."

அனுசுயா ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். பனியன் துணி இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது. மழைத்தண்ணீர் குடித்து ஊறி, துருவும் சேறும் அப்பிக் கனத்துப்போயிருந்தது. திருப்பூரில் பனியன் வேஸ்ட் இல்லாத இடம் எது? கிரீஸ் துடைக்க, தலையணைக்கு அடைக்க, குழாய் ஒழுகினால் சுற்ற, எல்லாவற்றுக்கும் அதுதான். பட்டறைக்காரன் கையில் கிடைத்ததைத் திணித்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். இன்னும் நாலு திட்டு சேர்த்துத் திட்டவும் தயாரானாள். அப்போதுதான் துணியில் இருந்த பிரின்ட் கண்ணில் பட்டது. வெளிர்நீலத்தில் குட்டிக் குட்டி வாத்து. ஒவ்வொரு வாத்துக்கும் பச்சை மூக்கு.

சேற்றை வழித்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

அந்த வாத்துகளை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் கிடையாது. வெளிநாட்டுக்குப் போகவேண்டிய குழந்தைகள் ஆர்டர் அது. வாத்துக்கு மஞ்சள் மூக்கு வரவேண்டும். பிரின்டிங்கில் கலர் மாறிப் பச்சை மூக்கு வந்துவிட்டது. மொத்தமும் ரிஜெக்ட். பிள்ளைச் சட்டை ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்துக் கழித்துக் கட்டியது அவளும் அவள் செக்ஷன் பெண்களும்தான். இதில் ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது, வேஸ்ட் வியாபாரிக்கும் போடக் கூடாது என்று வெளிநாட்டுக்காரன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அதனால் எல்லாவற்றையும் கம்பெனி குடோனில் போட்டுப் பூட்டியாயிற்று. சாவி அண்ணனிடம். அண்ணன் அதை யாரிடமும் தரமாட்டான். அவளே ஒருமுறை கேட்டதற்கு, "உனக்கெதுக்கு அம்மிணி?" என்று சொல்லிவிட்டான்.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"உங்க அண்ணன்தானுங்க சாக்குல கட்டிக் கொண்டுவந்து போட்டாரு," என்றார் கைருதீன். "கதவும் பெண்டரும் வெளிய தெரியுதுன்னு மாத்தச் சொன்னாரு, மாத்தினேன். இந்தக் கீழ்த்தகடு, தரை எல்லாம் ஆசிட்டு தின்னுபோட்டுதுங்க, வெட்டியெடுத்துட்டுப் புதுத் தகடு வெல்டு வெக்கோணும்னேன். 'யாரு பாய் குனிஞ்சு பாக்கப் போறாங்க, துணியை அடைச்சுப் பட்டி வெய்யி'ன்னாரு. ஆள் ஏறுனா தாங்காதுங்கன்னேன். 'பத்திரம் முடியற வரைக்கும் நின்னாப் போதும்'னாரு. என்ன பத்திரம்னு நான் கேட்டுக்கலீங்க."

சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டார். டயர்க்கடைக்காரர்கள்கூடச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்கள்.

அனுசுயா ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பத்திரம் முடிகிற வரைக்கும். அதற்கப்புறம் வண்டி எங்கே உடைந்தால் என்ன, யார் விழுந்தால் என்ன? தோப்பு முழுசாக வேண்டும் என்று அவன் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். வெறுங்கையோடு கேட்டிருந்தாலும் அவள் கொடுத்திருப்பாள். சீர் வேண்டாம், கார் வேண்டாம், ஒரு மஞ்சள் துணியும் நாலு வாழைப்பழமும் போதுமென்று கொடுத்திருப்பாள். அவளுக்குச் சீர் செய்ய அவனுக்கு மனமில்லை. செய்த மாதிரி காட்ட மட்டும் மனமிருந்தது. அதிலும் கஞ்சத்தனம்! அடைப்பதற்கு வெளியில் நாலு துணி வாங்காமல், சும்மா கிடக்கிறதே என்று குடோனைத் திறந்திருக்கிறான். இவனையா சாமி என்று கும்பிட்டேன்?

அந்த ஆத்திரத்தில் கைருதீனையும் அவள் விடவில்லை.

"அவரு சொன்னா? அவரு சொன்னா செஞ்சுபோடுவீங்களா? நாளைக்கு வெசத்தைக் கலக்குன்னா கலக்குவீங்களா? உங்க ஊட்டுப் புள்ளை உக்கார்ற வண்டின்னா இப்படித் துணியை அடைப்பீங்களா பாய்?"

கைருதீன் சுத்தியலைக் கீழே போட்டார். "மாட்டேனுங்க," என்றார். "தப்புத்தான். வேலை கையை விட்டுப் போயிருமேன்னு செஞ்சுபோட்டேன். வண்டியை உடுங்க, முழுசும் வெட்டி, என்ர செலவுலயே தகடு வெச்சுத் தர்றேன்."

"ஒரு தகடும் வெக்க வேண்டாம். பூசுன பட்டியை அத்தனையும் சொரண்டி எடுங்க. துணியை அத்தனையும் உருவுங்க. என்ன இருக்குதோ அது அப்படியே தெரியோணும். அது போதும்."

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. சிவப்புக் காரின் கீழ்ப்பாதி முழுக்கப் பல் உதிர்ந்த வாய் மாதிரி ஆகிவிட்டது. கதவு மட்டும் பளபளத்தது.

வீட்டுக்கு வந்ததும் சென்னிமலை மெதுவாகப் பேச்செடுத்தார். "ஆத்திரத்துல ஒண்ணும் பண்ணிப்போடாத அனுசு. ரத்த சொந்தம். பொறந்த ஊட்டைப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு நல்லது கெட்டதுக்கு யாரு வருவாங்க? புள்ளைக்குக் கல்யாணம் வேற இருக்குது."

"நல்லது நடத்திக் குடுத்த லட்சணம் அவ கால்ல தையல் போட்டிருக்குது, போய்ப் பாருங்க," என்றாள் அவள். "நீங்க நல்ல மனுசன், ஒத்துக்கறேன். இதுல மட்டும் நீங்க பேசாதீங்க."

சென்னிமலை எழுந்துபோய் மகள் கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டார். அனுசுயா கம்பெனிக்குப் போகவில்லை. அண்ணன் போன் அடித்துக்கொண்டேயிருந்தது, எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்தப் போனிலேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள், அவனும் நாலு பொய் சொல்லித் தப்பித்திருப்பான். தன் கோபத்தை இப்படி அடைகாத்துப் பழக்கமே இல்லை அவளுக்கு. ராத்திரியெல்லாம் தாடை வலித்தது.

புதன்கிழமை காலையில் மகுடேஸ்வரன் புதுக் காரில் வந்து இறங்கினான். பஸ் மாதிரி உயரமான கார். கூடவே அவன் மனைவி கீர்த்தனா, கையில் மல்லிகைப்பூவும் ஒரு ஜவுளிக்கடைப் பையும். அனுசுயா பட்டுச்சேலை கட்டி, தலைசீவி, தயாராக நின்றாள். அதைப் பார்த்ததும் மகுடேஸ்வரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கெளம்பீட்டியா அம்மிணி? வா, வா, நல்ல நேரம் போயிரும். கண்ணு எப்படியிருக்கா? அந்தப் பட்டறைக்காரனை நான் உடறதா இல்ல பாத்துக்க."

"கண்ணு நல்லாருக்காளுங்கண்ணா. போலாம் வாங்க. உங்க கார் எதுக்குங்க, அது இங்கயே நிக்கட்டும். நீங்க குடுத்த சீர் இருக்குதே, அதுலயே போலாம். கையெழுத்துப் போடப் போறப்ப அதுல போனாத்தானுங்க முறை."

வீட்டுப் பக்கவாட்டில் நின்ற சான்ட்ரோவின் பின்கதவைத் திறந்துபிடித்தாள். மகுடேஸ்வரன் இரண்டடி வைத்தவன் அப்படியே நின்றான். கதவுக்குக் கீழே ஒன்றுமில்லை. தரை இருக்க வேண்டிய இடத்தில் வாசல் மண் தெரிந்தது.

"என்ன வேலை பண்ணி வெச்சிருக்கே இது?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. மேல பூசியிருந்ததை எடுத்தேன். உள்ள இருந்தது இதுதான். உக்காருங்கண்ணா."

"வெளையாடாத அம்மிணி."

"அண்ணி, நீங்க மொதல்ல உக்காருங்க. பின்சீட்டுல. வலது பக்கம்."

கீர்த்தனா பூவை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். மகுடேஸ்வரனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது? ஆள் உக்கார்ற வண்டியா இது?"

"என்ர புள்ளை உக்காந்தாளுங்களே!" என்று அனுசுயா கத்தினாள்.

இரண்டு நாளாக உள்ளே பூட்டிவைத்தது அத்தனையும் அந்த ஒரு கத்தலில் வெளியே வந்தது. எதிர்வீட்டு நிட்டிங் யூனிட்டில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மகுடேஸ்வரன் வாயைத் திறந்தான். பட்டறைக்காரன் என்று ஆரம்பித்தான்.

"பாயைச் சொல்லாதீங்க. பச்சை மூக்கு வாத்தை அவரு குடோன் பூட்டை ஒடைச்சா எடுத்தாரு? பத்திரம் முடியற வரைக்கும் நின்னாப் போதும்னு அவரா சொன்னாரு? தோப்பு வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்பனே! என்ர புள்ளை உசிரைப் பந்தயம் வெச்சா அதை வாங்கோணும்?"

கையும் களவுமாக அகப்பட்டவன் என்ன செய்வான்? மிரட்டுவான்.

"செரி. கையெழுத்துப் போடாட்டிப் போ. பெரிய மயிராட்டப் பேசற. தை மாசம் மேடையில உம்மகளுக்கு மாமன் எவன் வந்து நிக்கறான்னு பாத்தர்றேன். ஒறம்பரை ஒருத்தன் வரமாட்டான் உன்ர வாசலுக்கு."

இத்தனை நாளும் அனுசுயா எதற்குப் பயந்தாளோ அதை அவன் சொல்லியே விட்டான். பிடித்திருந்த கார்க் கதவை விட்டுவிட்டாள். இதற்குள் யாழினி சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வாசலுக்கு வந்திருந்தாள். மகுடேஸ்வரன் அவள் பக்கம் திரும்பி, "நீயாச்சும் உங்கம்மாளுக்குச் சொல்லு கண்ணு," என்றான். குரலில் தேன் ஒழுகியது.

"போயிட்டு வாங்க மாமா," என்றாள் யாழினி.

அதைக் கேட்டதும் அனுசுயாவுக்குத் தைரியம் திரும்பிவிட்டது.

"பத்திர ஆபீசுக்கு நான் வருவனுங்கண்ணா," என்றாள். "கையெழுத்தும் போடுவேன். பாகம் பிரிக்கற பத்திரத்துல. தோப்புல பாதி, கெணத்துல பாதி. எப்ப வரோணும்னு சொல்லியனுப்புங்க. நான் பஸ்சுல வந்துக்கறேன்."

மகுடேஸ்வரன் ஏதோ முனகிக்கொண்டே புதுக் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். கீர்த்தனா ஜவுளிப் பையைக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அதையும் எடுத்துக்கொண்டே போய்விட்டாள். எதிர்வீட்டு யூனிட்டில் மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

பத்து மணிக்குள் போன் வர ஆரம்பித்துவிட்டது. சாமளாபுரத்திலிருந்து ஒருவர், கணியூரிலிருந்து ஒருவர். எல்லோருக்கும் ஒரே கவலைதான். அண்ணன் தங்கச்சிக்குள் என்ன இருந்தாலும் புள்ளை கல்யாணம் முடிகிற வரைக்கும் பொறுத்திருக்கலாமே. இந்த 'முடிகிற வரைக்கும்' அவளுக்குப் பட்டறையில் கேட்ட பேச்சாக இருந்தது. அனுசுயா ஒருவரையும் விடாமல் பேசினாள். என்ன நடந்தது என்று ஆரம்பத்திலிருந்து எல்லோருக்கும் சொன்னாள், சத்தமாகச் சொன்னாள். நடுநடுவே அழுதாள், அழுகையை நிறுத்தாமலே திட்டினாள்.

போனைக் கீழே வைத்தபோது யாழினி கேட்டாள்: "ஏம்மா, அப்ப மேடையில மாமன் நிக்கற எடத்துல யாரு நிப்பாங்க?"

சென்னிமலை மனைவி பிறந்த வீட்டுப் பங்காளிகளின் பெயரை அவசர அவசரமாக யோசிக்க ஆரம்பித்தார். அனுசுயா அவரைக் கையமர்த்தினாள்.

"யாரும் நிக்க வேண்டாம்," என்றாள். "அந்த எடம் காலியாவே கெடக்கட்டும். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."